ரெண்டாவது பெட்டி யார் வீட்டில்?

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு, மாமா ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். போன வருஷம் நீங்கள் வந்தபோது மாட்டிக் கொடுத்த, படம் வீடியோ எல்லாம் சேமித்து வைக்கிற பேக்கப் பெட்டி நலமா என்று மட்டும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் நேற்றைக்கு எரிந்த மாதிரி இல்லை. ஈமெயில் அனுப்பாமல் பேனாவைப் பிடித்ததற்குக் காரணம், என் ஈமெயிலும் அந்தப் பெட்டிக்குள்தான் போய்ச் சேருகிறது. அதைப் பற்றி அதனிடமே சொல்வானேன்?

விஷயம் என்னவென்றால், போன வாரம் கீழ்வீட்டில் அடுப்பில் எதையோ வைத்துவிட்டுத் தூங்கிப்போனார்கள். மாடிப்படியெல்லாம் ஒரே புகை. நான் என்ன செய்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை, தெருவில் வந்து நின்று பார்த்தால் கையில் பெட்டி, ஒயர் தரையில் இழுபடுகிறது, காலில் ஒற்றைச் செருப்பு. உங்கள் அத்தை இன்னும் மாடியில். இருமிக்கொண்டே தானாக இறங்கி வந்தவள் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாள். "அது பத்திரமா இருக்கா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து சாப்பாடு வேளாவேளைக்கு வருகிறது, பேச்சு வரவில்லை.

நான் என்ன செய்ய, மாப்பிள்ளை? பாப்பா முதன்முதலா நடந்த வீடியோ அதில்தான் இருக்கு, வேற எங்கேயும் இல்ல. போச்சுன்னா போச்சு, உங்க பொண்டாட்டியை மறுபடியும் தவழச் சொல்லியா எடுக்க முடியும்? அதனால் ரெண்டாவது பெட்டி ஒன்று வேண்டும். அது வேறு வீட்டில் இருக்க வேண்டும். அடுத்த தடவை உங்கள் அத்தையைத் தூக்க என் ரெண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். இதை அவளிடமே சொன்னேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் கூடியது.

கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில், உள்ளேதான் ரெண்டு டிஸ்க் இருக்கே, ஒண்ணுல இருக்கிறது அப்படியே மத்ததுலயும் இருக்கும், எதுக்கு சார் இன்னொரு பெட்டி என்றார். உங்கள் அத்தை மங்கலான படம் என்று ஒரு கல்யாணத்தையே அழித்தபோது ரெண்டு டிஸ்கும் கைகோத்துக்கொண்டு அழித்த கதையைச் சொன்னேன், ஒத்துக்கொண்டார். அப்புறம் அதே கம்பெனியில வாங்குங்க, ஒண்ணோட ஒண்ணு நல்லாப் பேசிக்கும் என்றார், எனக்குத் திக்கென்றது, ஒரே கம்பெனின்னா ஒரே சீக்கு ரெண்டுக்கும் வராதா, சரி வேற கம்பெனி காட்டுங்கன்னா அது இதோட பேச நாம நடுவில உக்காந்து பஞ்சாயத்து பண்ணணுமாம், ரெண்டு டிஸ்க் போடுறதா நாலு போடுறதான்னு கேக்கிறார், நாலு போட்டா நாலும் கெட்டுப்போகுமேன்னு நான் கவலைப்பட, பின்னால நின்ன ஒரு அம்மா சீக்கிரம் பாருங்க சார்னு சொல்ல, எனக்கு வியர்த்துக் கொட்டி வெறுங்கையோட வந்துட்டேன்.

பெட்டியாவது கிடைக்கும், வீடு? நீங்கள் வருஷத்துக்கு ஒரு வாடகை வீடு மாறுகிறீர்கள். பக்கத்தில் இருக்கிற ஒரே சொந்தம் உங்கள் அத்தையின் தங்கை வீட்டுக்காரர், என் சகலை. புகை விஷயம் கேள்விப்பட்டு வந்தவர், குடியிருப்பில் அத்தனை பேர் முன்னாலும் என்ன கேட்டார் தெரியுமா? "அண்ணே, பொண்டாட்டிக்கு பேக்கப் இருக்கா?" எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் அத்தையும் சிரித்தாள், அதைத்தான் தாங்க முடியவில்லை. இனி அவர் வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்குத் தெரியாமல் அவர் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் வைக்கலாம் என்றால் அவருடைய இன்டர்நெட்டும் வேண்டுமாம். ஆகவே சொந்தக்காரர்கள் தேவைப்படாத பெட்டியாக, சத்தம் போடாததாக, ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். தூக்கமே வருவதில்லை.

பாப்பாவுக்கு என் அன்பு. இருவரும் எல்லா நலமும் பெற்று, எல்லாவற்றுக்கும் ஒரு நகலுடன் வாழ்க.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வாசல் மணி அடித்தது. சகலை. கைக்குட்டையில் எதையோ சுற்றிப் பிடித்திருந்தார். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே வாங்க என்றுதான் வந்தது. கைக்குட்டைக்குள் அவருடைய பழைய டிஸ்க். "செத்துடுச்சுண்ணே. பையன் சின்ன வயசுப் படமெல்லாம் இதுலதான் இருந்துச்சு. உங்க பெட்டியில அவன் எங்கயாவது நிக்கிறானா?" என்றார். நிற்கிறான், மாப்பிள்ளை. பாப்பா படம் எதைத் திறந்தாலும் ஓரத்தில் மூக்கு ஒழுகிக்கொண்டு அவனும் நிற்கிறான். ரெண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம், அவர் மூக்கைச் சிந்துகிறார், எனக்கும் அடக்க முடியவில்லை. உங்கள் அத்தை பின்னால் வந்து நின்றாள். "ரெண்டா வாங்கச் சொல்லுங்க. அவங்களோடது இங்க இருக்கட்டும், நம்மளோடது அங்க இருக்கட்டும்" என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசியிருக்கிறாள். அதனால் மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள், எந்தக் கம்பெனி, எத்தனை டிஸ்க் என்றெல்லாம் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே ரெண்டு வாங்கி அனுப்புங்கள்.