குளிர் ஓட்டும் டிரான்டர்

ரோண்டா பள்ளத்தாக்கில் சனிக்கிழமை என்றால் தேவாலயக் கூடத்தில் உட்கார இடம் கிடைக்காது. கர்த்தரைப் பார்க்க வந்த கூட்டம் அல்ல. வீடு விற்பவர்கள், வாடகைக்கு விடுபவர்கள், வேடிக்கை பார்ப்பவர்கள். மேடையில் சில்வெஸ்டர் டிரான்டர். ஊதா வெல்வெட் கோட்டு. கையில் வளைந்த இரண்டு செம்புக் கம்பிகள். தொழில், குளிர் ஓட்டுதல்.

பேய் ஓட்டிப் பிழைத்த காலம் போய்விட்டது. பேய் இருந்தாலும் வீட்டை வாடகைக்கு விடலாம். குளிர் இருந்தால் விட முடியாது. வீடு சூட்டை எவ்வளவு காக்கிறது என்று மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, ஏ முதல் ஜி வரை கிரேடு போடுகிறார். இ-க்குக் கீழே இறங்கினால் குடிவைக்கச் சட்டம் விடாது.

கிளெனிஸ் புரோசரின் வீட்டுக்கு எஃப். அம்மா விட்டுப்போன வீடு. அதன் வாடகையில்தான் அவள் சாப்பிடுகிறாள். குடிவர இருந்த நர்ஸ் மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தாள். ஆகவே கிளெனிஸ் முதல் வரிசையில் இருந்தாள்.

“உங்க வீட்டுக்கு அடியில குளிர் நதி ஓடுது,” என்றார் டிரான்டர். கம்பிகள் ஆடின. “திருப்பி விட்டுடறேன். நான் கைவச்ச வீடெல்லாம் இ வாங்கியிருக்கு. கேட்டுப் பாருங்க.”

உண்மைதான், வாங்கியிருந்தன. சடங்கு முடிந்ததும் கூரைப் பரணில் மந்திரித்த பஞ்சைக் கனமாக விரிப்பார். பஞ்சுக்கு ஒரு விலை. மந்திரத்துக்குத் தனி.

“ஐயா, ஒரு சந்தேகம்.” பின்வரிசையிலிருந்து ஓல்வென். கிளெனிஸின் வீட்டை ஒட்டிய வீடு அவளுடையது. ஒரே சுவர், ஒரே கொத்தனார், ஒரே எஃப். “குளிரை ஓட்டறது கம்பியா, பஞ்சா?”

“கம்பிதாம்மா. பஞ்சு சும்மா ஒரு மரியாதைக்கு.”

“அப்போ கிளெனிஸ் வீட்டுல பஞ்சு வேண்டாம். கம்பி, மந்திரம் மட்டும் பண்ணுங்க. என் வீட்டுல வெறும் பஞ்சு. சூட்டைக் காக்கற பஞ்சு கட்டடச் சாமான் கடையிலயே விக்குது, நானே வாங்கிக்கறேன்.”

டிரான்டர் தண்ணீர் குடித்தார். கூடமே பார்த்துக்கொண்டிருந்தது.

“தாராளமா,” என்றார்.

“ஏண்டி, என் வீட்டை வச்சா விளையாடற?” என்று சீறினாள் கிளெனிஸ்.

“உனக்குத்தான் நம்பிக்கை இருக்கே. அப்புறம் என்ன பயம்?”

நம்பிக்கை இருந்தது. பயமும் இருந்தது. ஏன் என்று கிளெனிஸ் யோசித்தாள். இந்தக் கதையில் அவள் முதன்முதலாக யோசித்தது அங்கேதான்.

டிரான்டர் வந்தார். அறை அறையாகக் கம்பி ஆட்டினார். கழிப்பறையில் இரண்டு தடவை. நதி தெற்கே திரும்பிவிட்டது என்றார். கிளெனிஸ் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டாள். பக்கத்து வீட்டுப் பரணில் ஓல்வென் பஞ்சை விரித்தாள். தும்மினாள். அங்கே சடங்கு அவ்வளவுதான்.

மதிப்பீட்டாளர் வந்து இரண்டு வீட்டையும் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை கிளெனிஸே மேடை ஏறினாள்.

“என் வீடு எஃப். அவ வீடு இ.”

கூடம் முணுமுணுத்தது. டிரான்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

“சந்தேகப்பட்டா குளிர் திரும்பி வரும். நான் என்ன செய்ய?”

“சந்தேகப்பட்டது அவ,” என்றாள் கிளெனிஸ். “குளிர் ஏன்யா என் வீட்டுக்கு வந்துச்சு?”

முதலில் ஓல்வென் சிரித்தாள். பிறகு கூடம் சிரித்தது. சிரித்து முடித்தவர்கள் மந்திரத்துக்குக் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டார்கள். டிரான்டர் பின்கதவு வழியாகத் தெற்கே திரும்பிவிட்டார். கம்பிகளை எடுத்துப்போகவில்லை.

கிளெனிஸ் கட்டடச் சாமான் கடைக்குப் போனாள்.

“டிரான்டர் வாங்கற அதே பஞ்சுச் சுருள்தாம்மா,” என்றார் கடைக்காரர். “உறையை இங்கயே கிழிச்சுப் போட்டுட்டுப் போவார்.”

மாதக் கடைசியில் வீடு இ வாங்கியது. நர்ஸ் சாமான்களை இறக்கினாள். உதவிக்கு வந்த பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் தலையைச் சொறிந்தார்.

“இருந்தாலும் அந்தக் கம்பி ஆடுச்சேம்மா!”

“பஞ்சு பரணுக்குங்க,” என்றாள் கிளெனிஸ். “மண்டைக்குள்ள அடைச்சுக்காதீங்க.”