சம்பந்தியும் கக்கூஸ் குழாயும்

இப்பத்தைய சனம் ஊர் பார்க்க வெளிக்கிட்டால் வீட்டையும் கூடவே கொண்டு போகுது. கட்டில், குசினி, ஐஸ்பெட்டி, கக்கூஸ், எல்லாம் நாலு சில்லுக்கு மேல. காட்டில போய்ப் படுக்கிறவனுக்கு என்னத்துக்குக் குளிர் மெசின்? கேட்டால் 'காம்பிங்' என்று சொல்லுவினம். வீட்டில படுத்தால் அது காம்பிங் இல்லையாம்.

சவிரிமுத்துவும் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தவர். ஆனால் அந்த ஆடி மாதச் சனிக்கிழமை காலை, சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு காம்பிங் சாமான் கடையில், ஒரு கையில் வண்டி வயரின் பிளக்கில் மாட்டுகிற மஞ்சள் அடப்ரரும் மற்றக் கையில் கறுப்பு அடப்ரருமாக வியர்த்து வழிந்துகொண்டு நின்றார்.

"எது வேணுமெண்டு ஆரையும் கேளுங்கோவன்," என்றாள் மனுசி றோசா.

"ஆரை? கடைக்காரனையோ? அவன் விலை கூடினதைத்தான் காட்டுவான்."

"அப்ப உமாபதி சேரைக் கேளுங்கோ. அந்தா, அங்காலை நிக்கிறார். கரண்ட் படிச்ச மனுசன்."

"நல்லாச் சொன்னாய். மாப்பிள்ளையின்ர தேப்பனுக்கு பிளக் செருகத் தெரியாதெண்டு இப்பவே காட்டிக் குடுப்பமோ?"

மனுசனுக்குப் பயம். முப்பத்திநாலு வயது மட்டும் கலியாணம் வேண்டாம் என்று நின்ற மகன் டனிஸ்ரன், இப்பதான் ஒரு பிள்ளையைக் காட்டினவன். மாதுரி. தமிழ்ப் பிள்ளைதான், ஆனால் சென்னைப் பக்கம், சைவம், மரக்கறி. தகப்பன் உமாபதி டவுன்டவுன் யூனிவர்சிற்றியில் கரண்ட் படிப்பிக்கிற எஞ்சினியர். சவிரிமுத்து ஃபக்டரியில் பெட்டி ஒட்டி பென்சனுக்கு வந்தவர், மாதா கோயிலைத் தவிர வேறு இடம் போகாதவர்.

பெண் வீட்டார் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒருக்கால் பழகிப் பார்ப்பம் என்றார்கள். எங்கே வைத்துப் பழகுவது? சவிரிமுத்து வீட்டுச் சுவரிலேயே மீன் மணம். வசதியான ஆக்கள் வாழுகிற பியர்பொன்ட்ஸில் இருக்கிற உமாபதி வீட்டுக்குள் கால் வைக்க சவிரிமுத்துவுக்குக் கூச்சம். கடைசியில் பிள்ளைகள்தான் பொது இடம் ஒன்று கண்டுபிடித்தார்கள். ஏரிக்கரையில் காம்பிங். ஆளுக்கொரு மோட்டர்ஹோம் வாடகைக்கு, பக்கத்தில் பக்கத்தில்.

வாகனக்காரன் குழாயும் வயரும் தருவான்தான். ஆனால் ஊரவன் பாவிச்ச கக்கூஸ் குழாயைத் தொட மாட்டன் என்று சவிரிமுத்து நின்றபடியால் புதிசு வாங்க வந்தாயிற்று. இதைக் கேள்விப்பட்டு உமாபதி குடும்பமும் புதிசு வாங்க வந்து நின்றது.

"வாயைத் திறந்து தெரிஞ்ச மாதிரிக் கதைச்சுப் போடாதேங்கோ அப்பா," என்று டனிஸ்ரன் முதலே சொல்லியிருந்தான். "உங்களால இது குழம்பினால் நான் பேந்து கலியாணமே கட்டமாட்டன்."

சவிரிமுத்து கதைக்கவில்லை. பார்த்தார். மஞ்சள் அடப்ரரை மெல்ல உயர்த்திப் பிடித்தபடி கடைக்கண்ணால் அந்தப் பக்கம் பார்த்தார். உமாபதியும் இவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவருடைய மனைவி வசுமதி இருமினார். உமாபதி வாயை மூடி, மஞ்சள் அடப்ரர் ஒன்றை எடுத்துத் தன் கூடைக்குள் போட்டார்.

"கண்டியா, மஞ்சள்தான்," என்று சவிரிமுத்து தானும் போட்டார்.

பேந்து கறுப்பைத் திருப்பிப் பார்த்தார். உமாபதி கறுப்பையும் எடுத்தார்.

"ரெண்டும் வேணும் போல."

குழாய்ப் பக்கம் போனார்கள். கட்டை, நடுத்தரம், நீட்டு என்று மூன்று வகை. சவிரிமுத்து நீட்டுக் குழாயை நசித்துப் பார்த்தார். உமாபதி நீட்டை எடுத்தார். விலைத்துண்டைத் தேடி சவிரிமுத்து இரண்டாவதையும் தூக்க, உமாபதி இரண்டாவதையும் எடுத்தார்.

"ஒரு கக்கூசுக்கு ரெண்டு குழாயோ?" றோசா கேட்டாள்.

"எஞ்சினியர் கணக்குப் பாக்காமல் எடுப்பானோ? பேசாமல் வா."

ஏரிக்கரையில் வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு கரண்ட் பெட்டி, பெட்டிக்குள் பிளக் செருக பெரிய ஓட்டை ஒன்று, சின்ன ஓட்டை ஒன்று. சவிரிமுத்து வண்டி வயரில் மஞ்சள் அடப்ரரை மாட்டி, சின்ன ஓட்டைக்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு பக்கத்துக் கம்பத்தைப் பார்த்தார்.

உமாபதி ஒரு பெருமூச்சு விட்டு, தன் மஞ்சளைச் சின்ன ஓட்டையில் செருகினார். சவிரிமுத்துவும் செருகினார். லைற் எரிந்தது.

"என்ன சேர், வெயில் கூடத்தான்," என்று சத்தமாகக் கேட்டார், பயம் தெளிந்து.

"ஆமா சார். ரொம்ப."

குளிர் மெசின் ஓடியது. றோசா சோற்றுக்குக் குக்கரைத் தட்டினாள். டக். எல்லாம் நின்றது. கொஞ்சத்தால் பக்கத்து வண்டியிலும் ஒரு டக்.

"ஏதும் பிரச்சினையோ அப்பா?" டனிஸ்ரன் ஓடிவந்தான்.

"ஒரு பிரச்சினையுமில்லை. எஞ்சினியரின்ர வண்டியே நிண்டு போச்சு, பிழை கம்பத்திலதான். நீ போய் அந்தப் பிள்ளையோட நில்."

சவிரிமுத்து கறுப்பு அடப்ரரை வெளியே எடுத்தார். அதன் ஒரு பக்கம் மஞ்சளுக்குப் பொருந்தியது, மற்றப் பக்கம் பெரிய ஓட்டைக்கு. மஞ்சளுக்குப் பின்னால் கறுப்பை மாட்டித் தூக்கிப் பிடித்தார். உமாபதி கண்ணை மூடித் திறந்தார். தானும் அப்படியே மாட்டினார். இரண்டு பேரும் பெரிய ஓட்டையில் செருகினார்கள். குளிர் மெசின் ஓடியது, குக்கரும் கொதித்தது. சவிரிமுத்து கதிரையைப் போட்டு இருந்தார்.

சோறு வேக முதல் பிளாஸ்டிக் எரிகிற மணம் வந்தது. உமாபதி பாய்ந்து வந்து சவிரிமுத்துவின் வயரைத்தான் முதலில் இழுத்தார், பேந்து தன்னுடையதை. அடப்ரர் உருகிக் கோணிப்போயிருந்தது.

"கரண்ட் இல்லாமலே இருக்கலாம் சார்," என்றார் மூச்சு வாங்க. "நேச்சர்தானே."

மனுசன் கோவத்தை அடக்கிக்கொண்டு சிரிக்குது என்று சவிரிமுத்துவுக்கு விளங்கியது.

விடிய வண்டிக்குள் ஒரு சிவப்பு லைற். கக்கூஸ் தாங்கி நிரம்பிவிட்டதாம். மூன்று நாளைக்குக் காணும் என்று வாகனக்காரன் சொன்ன தாங்கி. கக்கூசில் கடதாசி பாவிக்கிற ஆக்களுக்கு அவன் சொன்ன கணக்கு அது. றோசா வாளிக்கணக்காகத் தண்ணி ஊத்துகிற ஆள்.

"என்னால அவ்வளவு தூரம் பொதுக் கக்கூசுக்கு நடக்கேலாது," என்றாள். "அந்த அம்மாவுக்கு முன்னால என்னை மரத்துக்குப் பின்னால அனுப்பிப் போடாதேங்கோ."

சவிரிமுத்து இரண்டு குழாயையும் முறுக்கிப் பொருத்தினார். கழிவு ஊத்துகிற ஓட்டை கையெட்டும் தூரத்தில்தான், குழாயோ அதைவிட நாலு மடங்கு நீளம். வளைத்து வளைத்துப் போட்டார். உமாபதியும் வளைத்துப் போட்டார். அது ஆறுதலாக இருந்தது. தாங்கியின் பிடியை இழுத்தார். குழாய் பொம்மி, பாதியில் நின்றது. ஒன்றும் இறங்கவில்லை.

"தூக்கினால் ஓடும்," என்று முணுமுணுத்து நடுவில் பிடித்துத் தோளில் வைத்தார். பக்கத்தில் பார்த்தார். யூனிவர்சிற்றியில் படிப்பிக்கிற மனுசன் சேட்டுக் கையை மடித்து, தன் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி நின்றது.

இரண்டு பேருடைய குழாயும் பொருத்தில் ஒன்றாகக் கழன்று, உள்ளே இருந்தது பீறியது.

இரண்டு வண்டிக்கும் நடுவில்தான் மேசை. மேசையில் இட்லி. வசுமதி இட்லிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கதிரையில் ஏறினார். றோசா 'மாதாவே' என்றாள். மாதுரி மூக்கைப் பொத்திக்கொண்டு டனிஸ்ரனைப் பார்த்தாள். டனிஸ்ரன் தகப்பனைப் பார்த்த பார்வை சரியில்லை.

காம்பிங் காவல்காரன் சின்ன வண்டியில் வந்து இறங்கினான். பிரெஞ்சில் ஏதோ நீளமாகச் சொன்னான். பிடியைத் தள்ளி மூடினான், ஒரு குழாயைக் கழற்றி எறிந்தான், மற்றதைச் சரிவாகப் போட்டு டிக் என்று திருகினான். உருகின அடப்ரர்களைக் காலால் தள்ளிவிட்டு வண்டி வயரை நேரே பெரிய ஓட்டையில் செருகினான். எல்லாம் எரிந்தது. பக்கத்து வண்டிக்கும் அப்படியே. இடத்தைக் கழுவச் சொல்லி, சவிரிமுத்துவின் கையில் தண்ணிக் குழாயைத் தந்துவிட்டுப் போனான்.

கலியாணம் முடிஞ்சுது என்று சவிரிமுத்து நினைத்தார். இனி அடக்கி என்ன.

"சேர், நான் அஞ்சாம் வகுப்பு. நீங்கள் கரண்ட் படிச்சனியள். கடையில இருந்து நீங்கள் எடுத்ததைத்தான் எடுத்தன், நீங்கள் செருகினதைத்தான் செருகினன். இப்ப என்ர பெடியன்தான் பாவம்."

உமாபதி மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"அவரைத் திட்டாதீங்க சம்பந்தி," என்றார் வசுமதி, கதிரையில் நின்றபடியே. "எல்லாம் தப்புன்னு அவர் கடையிலயே எங்கிட்ட சொன்னார். நான்தான், மாப்பிள்ளை வீட்டுக்காரர் எதைத் தொடறாரோ அதையே எடுங்க, எப்படிச் செய்றாரோ அப்படியே செய்ங்க, நம்ம பொண்ணு வாழப்போற வீடு, வாயைத் திறக்காதீங்கன்னு சொல்லி வச்சேன்."

சவிரிமுத்து தண்ணிக் குழாயை நிலத்தில் போட்டுவிட்டு ஏரிப் பக்கம் நடந்தார். எஞ்சினியர் அஞ்சாம் வகுப்புக்காரனைப் பார்த்துச் செய்தானாம். வேற ஆருக்கும் போய்ச் சொல்லட்டும்.