கடல் நீரில் பசுஞ்சாணம்

“உப்பு மிகுந்த கழிவுநீரைக் காற்றூட்டும் தொட்டிக்குள் விடக் கூடாது, விட்டால் நுண்ணுயிர்கள் இறந்துவிடும்.”

ஆம்பூர்ப் பக்கத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றில், ஆய்வகச் சுவரில் இந்த விதி சட்டம் போட்டு மாட்டியிருந்தது. எழுதியவன் நான். தோல் கெடாமலிருக்கத் தூவிய உப்பை உதறாமல் கழுவித் தண்ணீரை அனுப்பிய முதலாளிகளைப் போனில் பிடித்து, இதை வாய்ப்பாடு போல ஒப்பிக்க வைத்தவனும் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைப் படித்துவிட்டு, ‘பாவம், தெரியாமல் செய்துவிட்டார்’ என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசக் கூடாது.

ஓய்வு பெற்றவர்கள் காலையில் நடக்கப் போவார்கள். நான் ஹாலில் கடல் கட்டப் போனேன். காரணம், சென்னையில் இருக்கும் என் சம்பந்தி தேவதாஸ். அவர் வீட்டில் ஒரு பவளப்பாறைத் தொட்டி உண்டு. விருந்தாளிகளை அதன் முன்னால் உட்கார வைத்த பிறகுதான் காபி வரும். நானும் ஒன்று வைக்கப்போகிறேன் என்று ஒருநாள் சொன்னேன்.

“ஆம்பூர்லயா?” என்று சிரித்தார். “வேணாம் சம்பந்தி. உங்க ஊர் தண்ணில தோல்தான் ஊறும்.”

அந்தத் தண்ணீரோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா? அடுத்த மாதமே கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. (என் மனைவி ஸ்டெல்லா தையல் மிஷினை நகர்த்தி இடம் கொடுத்தாள். முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை.)

எங்கள் போர் தண்ணீரை ஆர்.ஓ.வில் சுத்தம் செய்தேன். கடல் தொட்டிக்கென்றே விற்கிற உப்பைக் கரைத்தேன். பாறை, மணல், அழுக்கை நுரையாக்கி மேலே ஒரு கிண்ணத்தில் சேர்க்கும் ஸ்கிம்மர், எல்லாம் முறைப்படி. தண்ணீர் மாற்றுவதற்கென்று தனியாக இரண்டு கேன் உப்பு நீர்கூடத் தயார்.

இனி வேண்டியது நுண்ணுயிர்கள். மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும். மீனுக்கு அதுவே விஷம். அதைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் பாறையில் பெருகிய பிறகுதான் மீனை விட வேண்டும். வாரக்கணக்கில் ஆகும்.

“பாட்டில்ல விக்கிறான், வாங்கி ஊத்துங்க,” என்றார் சம்பந்தி.

பாட்டிலில்! நுண்ணுயிர்களை மந்தை மந்தையாக மேய்த்தவன் நான். எங்கள் நிலையத்தில் புதுத் தொட்டியை ஓட்டத் தொடங்கும்போது முதலில் ஊற்றுவது பசுஞ்சாணக் கரைசல். அதிலிருந்துதான் தொட்டிக்கு உயிர் வரும். ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, பசு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக் குமாரியிடம் போனேன்.

“இன்னா சார், சர்ச்சுக்குப் போற வூட்ல சாணி தெளிக்கப் போறீங்களா?”

“மீன் தொட்டிக்கும்மா.”

“மீனு சாணி துன்னுமா சார்?”

“மீனுக்கு இல்ல, பாக்டீரியாவுக்கு.”

குமாரி பசுவைப் பார்த்தார். பசு என்னைப் பார்த்தது.

கரைத்து, துணியில் வடிகட்டி ஊற்றினேன். (இரண்டு தடவை வடிகட்டினேன். முறை என்றால் முறை.) தண்ணீர் டீ நிறமானது. தெளிந்துவிடும் என்ற தெம்பில் சம்பந்திக்குச் செய்தி அனுப்பினேன்: “தொட்டி தயார். ஞாயிறன்று பார்க்க வரவும்.”

பார்க்கத்தான் கூப்பிட்டேன். அவர் சம்பந்தியம்மாவோடு, கையில் பையுமாக வந்தார். தண்ணீர் நிரப்பிய பைக்குள் ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு கோமாளி மீன்கள்.

“எங்க வீட்ல குடித்தனம் பண்ண ஜோடி. உங்க வீட்டுக்குச் சீர்.”

பெருமை தாங்காமல் ஸ்கிம்மர் சுவிட்சைப் போட்டேன். கிண்ணம் நிரம்பியது. மூடி எழுந்தது. பழுப்பு நுரை தொட்டியின் பக்கவாட்டில் வழிந்து, தரையில் இறங்கி, நிதானமாகச் சம்பந்தியம்மாவின் பட்டுப்புடவையைத் தேடிப் போனது. கூடவே வாசனை.

“இன்னாங்க இது, மாட்டுக் கொட்டா மாதிரி?” என்று சம்பந்தியம்மா காலைச் சோபாவின் மேலே தூக்கிக்கொண்டார்.

சாண விஞ்ஞானத்தை விளக்கினேன். ஸ்டெல்லா கடைசிவரை கேட்டாள்.

“உப்பு ஜாஸ்தியானா பாக்டீரியா செத்துடும்னு டேனரிக்காரங்கள டெய்லி போன்ல கத்துவீங்களே. இது இன்னா, சர்க்கரைத் தண்ணியா?”

அமோனியாவைச் சோதித்தேன். சோதனைக் குழாயில் மஞ்சளாக இருக்க வேண்டிய நிறம் கரும்பச்சையாக நின்றது. செத்த நுண்ணுயிர்களும் அழுகும் சாணமும் சேர்ந்த விஷம். சம்பந்தி பையைத் தூக்கிப் பார்த்தார். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

“திரும்ப மெட்ராஸ் வரைக்கும் தாங்காது சம்பந்தி,” என்றார். முதல்முறையாக அவர் குரலில் கேலி இல்லை.

அதுவரை அந்த வீட்டில் மூன்றாவது கோமாளியாக இருந்தவன், மறுபடி அதிகாரியானேன். கேன்களில் சுத்தமான உப்பு நீர் இருக்கிறது. ஊற்றி வைக்கப் பாத்திரம்? சம்பந்தியம்மா பிரியாணி தேக்சாவைக் காட்டினார். அலுமினியம், உப்பு நீர் பட்டால் அதுவே விஷம். ஸ்டெல்லா உள்ளே போனாள். கட்டிலில் அரிசி கொட்டும் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் அரிசி டிரம்மோடு வந்தாள்.

சோப்புப் படாமல் கழுவி, நீரை ஊற்றி, உப்பையும் சூட்டையும் சரிபார்த்து, காற்று பம்பை மாட்டினேன். பைக்குள் டிரம் தண்ணீரை டம்ளர் டம்ளராகச் சேர்த்துப் பழக்கினேன். பிரியாணி ஆறிக்கொண்டிருக்க, நாங்கள் நால்வரும் டிரம்மைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தோம். மீன்களை விட்டதும் அடியில் போய்ப் படுத்தன. பிறகு பெரியது ஒரு சுற்றுச் சுற்றியது. சின்னது பின்னாலேயே போனது.

“பொழைச்சா சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டுச் சம்பந்தி கிளம்பினார்.

பிழைத்தன. தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, முதலிலிருந்து தொடங்கினேன். (ஆம், பாட்டில்தான். கடையில் கறுப்புப் பை கேட்டு வாங்கினேன்.) அது தயாராகும்வரை டிரம் நீரைத் தினமும் சோதித்து, தினமும் மாற்றினேன். கட்டிலில் கொட்டிய அரிசி ஒரு மூட்டைக்குப் போய் அங்கேயே கிடந்தது. ஸ்டெல்லா ஒருநாளும் டிரம்மைத் திருப்பிக் கேட்கவில்லை. நான் இல்லாத நேரத்தில் அதற்குள் குனிந்து, “சாப்டீங்களா?” என்று விசாரிப்பதை நானே கேட்டிருக்கிறேன்.

இன்று அந்த ஜோடி தொட்டியில் இருக்கிறது. விளக்குப் போட்டதும், பிறகு வாங்கி வைத்த பவளம் ஒவ்வொன்றாக விரிகிறது. எல்லாம் எங்கள் ஊர்த் தண்ணீரில். ஆனால் குடும்பத்துக்கு நினைவிருப்பது வேறு. சென்னையில் இட்லி மாவு பொங்கவில்லை என்று மகள் போன் செய்தால், “அப்பாவ அனுப்பட்டா? கொஞ்சம் சாணி கரைச்சு ஊத்துவாரு,” என்கிறாள் ஸ்டெல்லா.

வாரம் தவறாமல் சம்பந்திக்குப் படம் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழும். பதில் வராது. பவளம் விரிந்த படத்துக்கும் வரவில்லை.

புத்தாண்டு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது போன் ஒருமுறை சிணுங்கியது. செய்தி.

“கரன்ட் போய் தொட்டி மொத்தமும் கெட்டுப்போச்சு சம்பந்தி. மூணு மீன் உயிரோட இருக்கு. அந்த அரிசி டிரம் எத்தனை லிட்டர்?”

ஸ்டெல்லாவிடம் நீட்டினேன். படித்துவிட்டு, “மொதல்ல அளவச் சொல்லுங்க. பாவம், மீனு காத்துட்டிருக்கும்,” என்றாள்.

சொன்னேன். என் ஆய்வகப் பழக்கப்படி, சம்பந்தியின் முதல் பதில் வந்த தேதியையும் டிரம்மின் மேல் மார்க்கரால் எழுதி வைத்தேன்: ஜனவரி ஒன்று.