மணிச் சட்டம்பியார் தோற்ற தேர்தல்

எங்களூர் வாவிக்கரை இறங்குதுறையில் ஒரு கல் நிற்கிறது. அதில் போடியார் பெயர் மட்டுமே வெட்டப்பட்டிருக்கிறது. கல் பொய் சொல்லும்போது காகிதமாவது மெய் சொல்லட்டும் என்றே இதனை எழுதத் துணிந்தேன். ஒரு வாக்குக்கூடப் பெறாமல் ஓர் ஊரை ஆண்ட மனிதர் இவ்வுலகில் ஒருவரே. அவர் எங்கள் மணிச் சட்டம்பியார்.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நாளில் மாலையை மறுத்து, பள்ளிக் கைமணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியேறினார். அன்றுமுதல் ஊரே அவர் வகுப்பாயிற்று. சந்தையில் மீன் விற்போரின் நகங்களைப் பரிசோதிப்பார். கோயிற் கூட்டத்தில் பிந்தி வந்த கோயில் நிருவாகியான வண்ணக்கரை நிறுத்தி வைப்பார். கலியாண வீட்டில் மணியடித்துப் பந்தியை நேராக்குவார். இதற்கு அவர் இட்ட பெயர் பொதுநலத் தொண்டு. நாங்கள் இட்ட பெயர் அச்சேறாது.

ஆயினும் ஒன்றில் நியாயம் அவர் பக்கமே இருந்தது. பட்டணத்து ஆசுபத்திரிக்குப் போகத் தோணி ஏறவேண்டும். தோணி ஏற இடுப்பளவு சேற்றில் இறங்கவேண்டும். ஊரார் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கட்டிலோடு அச்சேற்றில் தவறவிட்ட பின்னர், துறை கட்டியே தீருவதென்று கிராமச் சங்கத் தேர்தலில் நின்றார். எதிரே நின்றவர், ஊர் வயலிற் பாதிக்கு உடையவரான போடியார்.

"எங்கட அப்பா காலத்திலயும் சேத்துக்குள்ளதான் இறங்கின. சேறு ஆரையும் கடிச்சதா?" என்பதே போடியாரின் கொள்கை விளக்கம்.

அக்காலத்தில் வாக்குச்சீட்டு இல்லை. கையை உயர்த்தினால் போதும். பள்ளி முற்றத்தில், அரசாங்க அதிகாரியான வன்னியனார் தலைமையில் ஊர் கூடிற்று. போடியாருக்கு அவர் வயற்காரரின் கைகள் மட்டும் உயர்ந்தன. சட்டம்பியார் பெயர் சொல்லப்பட்டதும் கைகள் காடாக எழலாயின. வெற்றி கைக்கெட்டிவிட்டது. ஆனால் அவை கோணல்மாணலாக எழுவதைப் பெரியவரால் பொறுக்க இயலவில்லை. மணியை அடித்தார்.

"என்னடா இது? ஒழுங்கா நீட்டுங்கடா கைய!"

பிரம்பெடுத்த காலத்துப் பழக்கம் அவர் வாயில் வந்துவிட்டது. எங்கள் கைகளும் அதனை மறக்கவில்லை. என்னையும் சேர்த்து ஊரே உள்ளங்கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டது. போடியாரும் நீட்டினார், அவரும் பழைய மாணாக்கரே.

"உயர்த்தின கைய மட்டுந்தான் எண்ணுவன்," என்றார் வன்னியனார்.

"அடிச்சிப்போட்டெண்டாலும் எண்ணுங்கையா!" என்று பின்னாலிருந்து ஒருவர் மன்றாடினார்.

"இறக்கு" என்ற கட்டளை வராமல் எவரும் கையை அசைக்கத் துணியவில்லை. கட்டளையிட வேண்டியவரோ நீட்டிய கைகளின் நகங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். போடியார் வென்றார்.

மறுநாட் காலை வாவிக்கரையில் மணி ஒலித்தது. அலறியடித்து ஓடினோம்.

"நேத்துக் கை உயர்த்தத் தெரியாத மடையனெல்லாம் துறை கட்ட ஆளுக்கொரு தென்னங்குத்தி கொண்டு வா. அதுதான் தண்டனை!"

போடியாரும் வண்டிலோடு வந்து சேர்ந்தார். "சட்டம்பியார், வெண்டவன் நானெல்லுவா? எனக்குமா?"

"உனக்குத்தான் முதல்ல மனே. நேத்து நீட்டினியே, அந்தக் கை ஊத்தை. கண்டனான்."

போடியார் வாவியிற் கையைக் கழுவிவிட்டுக் குத்தி சுமந்தார். துறை எழுந்தது; தேர்தலில் வென்றவரென்று கல்லில் அவர் பெயர் மட்டும் ஏறிற்று. அதன்பின் எந்தப் பிள்ளைத்தாய்ச்சியும் சேற்றில் விழவில்லை.

இவ்வரலாற்றிற் பிழையிருப்பின் அறிந்தோர் திருத்துக. சிவப்பு மையால் திருத்தினால் மிகவும் நன்று. சட்டம்பியாரின் அந்த மையை என் எழுத்தின்மேற் கண்டு வெகுகாலமாயிற்று.