காந்தத்தில் ஒட்டும் ரெசிஸ்டர் கெட்டதல்ல

பாளையம்பட்டி,
18.11.1997

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

சாலமோன் மகள் ஆன்சி தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான், இரண்டு ஆடுகள் எல்லோரும் கர்த்தர் கிருபையால் சுகம். தாங்களும் தங்கள் குடும்பமும் இதழை அச்சடிக்கிற மிஷினும் பழுதில்லாமல் இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன். ஒரு பத்திரிகைக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தங்கள் இதழிலும் ஒரு தப்பு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அக்டோபர் இதழில் ‘நல்ல ஓசை தரும் சிப் ரெசிஸ்டர்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?’ என்று ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் இ. ஆஸ்டின் என்று போட்டிருந்தது. ஆஸ்டின் அத்தான் என் தாய்மாமா மகன், பாலிடெக்னிக்கில் படிக்கிறார். கட்டுரை என்னுடையது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஆஸ்டின் அத்தானின் அப்பா இன்பராஜ் மாமாவின் ஆம்பிளிஃபயர் கடையில் ஈயம் பற்ற வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது, அதைத் தவிர வேறு காரணம் இல்லை. போன வருடம் மாமா மதுரையிலிருந்து ஒரு பை நிறைய சிப் ரெசிஸ்டர் வாங்கி வந்தார். “இனிமே ஒலகத்துல எல்லாம் இதுதான்” என்றார். நாங்கள் சில்லு என்போம். ஐயாவுக்குத் தெரியும், அவற்றுக்குக் கால் கிடையாது, எள்ளுக்கும் கம்புக்கும் நடுவில் ஒரு அளவு. கடையில் ஈயம் உருக்க இருந்த பற்றுக்கோல் என் கட்டைவிரல் தடிமன். அதன் முனையில் செம்புக் கம்பியைச் சுற்றி, கம்பியின் நுனியால் பற்ற வைத்தேன். பற்ற வைத்த பிறகுதான் தெரிந்தது, ஒரே மாதிரி இரண்டு மைக் ஆம்பிளிஃபயர் செய்தால் ஒன்று அமைதியாக இருக்கிறது, இன்னொன்று எண்ணெய்ச் சட்டி மாதிரி இரைகிறது. மீட்டரில் வைத்தால் இரண்டு சில்லும் ஒரே அளவு. மேலே அச்சடித்த எண்ணும் ஒன்றுதான். எனவே காதால்தான் பிரிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒன்பது வோல்ட் பேட்டரியில் இரண்டு சில்லைக் கோத்து, நடுவிலிருந்து ஒரு கண்டன்சர் வழியாக ஆம்பிளிஃபயருக்குக் கொடுத்து, வால்யூமை முழுதும் திறந்து கேட்டேன். ஆனால் எங்கள் தெருவில் எட்டு வீட்டில் விசைத்தறி. கரண்ட் போனால்தான் தறி நிற்கும், கரண்ட் போனால் ஆம்பிளிஃபயரும் நின்றுவிடும். அப்புறம் மாமாவின் ஜீப் பேட்டரியைக் கழற்றி வைத்துக்கொண்டு, எப்போது கரண்ட் போகும் என்று காத்திருந்தேன். தெருவே கரண்டைத் திட்டும்போது நான் ஒருத்திதான் ஸ்தோத்திரம் சொன்னேன். இரண்டு மாதத்தில் முந்நூறு சில்லைக் கேட்டு, நல்லது ஒரு தீப்பெட்டி, இரைவது ஒரு தீப்பெட்டி என்று பிரித்தேன். ஒரே மதிப்பில் பெரிய சில்லு சின்னதைவிட அமைதி என்பதும், அதிக நேரம் சுட்டால் நல்லதும் கெட்டுப்போகும் என்பதும், மைக்குக்கு அடுத்த முதல் படியில் மட்டும் நல்லதைப் போட்டால் போதும் என்பதும் அப்படிக் கண்டதுதான்.

இரண்டு தீப்பெட்டியும் மேஜையில் திறந்திருந்தபோது அத்தானின் அம்மா சவுந்தரம் அத்தை டீ கொண்டுவந்து, “என்ன பிள்ள, வேர்த்து ஊத்துது, காத்தாடியப் போட வேண்டியதான?” என்று சுவிட்சைத் தட்டினார். வேண்டாம் அத்தை என்று சொல்ல எனக்கு வாய் வருவதற்குள் முந்நூறும் பறந்துவிட்டது. உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை வைத்து மூன்று நாள் தரையில் தவழ்ந்து பொறுக்கினேன். முக்கால்வாசி காந்தத்தில் ஒட்டியது. ஒட்டாததை ஈர விரலால் எடுத்தேன். திரும்பவும் முந்நூறையும் கேட்டேன். ஒட்டியதில் நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது. ஒட்டாததிலும் அப்படியே. ஒட்டுவது சில்லின் முனையில் இருக்கும் பூச்சு, அவ்வளவுதான். அதற்கும் ஓசைக்கும் சம்பந்தம் இல்லை.

இதையெல்லாம் அத்தான் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, “ஏ பிள்ள, எப்படிப் பிரிச்ச, சொல்லு, சொல்லு” என்று கேட்டு எழுதிக்கொண்டார். அதுதான் உங்களுக்கு வந்தது. அதில்தான், ‘காந்தத்தில் ஒட்டும் சில்லு ஓசையைக் கெடுக்கும், ஒட்டாததை மட்டுமே பயன்படுத்துக’ என்று ஒரு பத்தி இருக்கிறது. அது சுத்தத் தப்பு. கீழே யார் பேர் இருக்கிறதோ அவர்தான் அதற்குப் பொறுப்பு. பேரை வாங்கிக்கொண்டவர் பழியையும் வாங்கிக்கொள்ளட்டும்.

அத்தான் தன் பேரில் போட்டுக்கொண்டதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா, “ஒனக்கு முறை மாப்பிள்ளதான? நாளைக்குக் கட்டிக்கிடப் போறவன் பேருல வந்தா என்ன, ஓம் பேருல வந்தா என்ன?” என்றாள். சரி, அப்படியாவது இருக்கட்டும் என்று இருந்தேன். அடுத்த வாரமே அத்தை வாசலில் நின்று பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாளிடம், “புஸ்தகத்துல எழுதுற பையனுக்கு எட்டாங்கிளாஸ் பிள்ளையவா எடுக்க முடியும்?” என்று சொன்னது உள்ளே பற்ற வைத்துக்கொண்டிருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. ஐயா, இரைச்சல் கேட்டுக் கேட்டு எனக்குக் காது கூர்மையாகிவிட்டது, அதுதான் கஷ்டம்.

மாமா இதழை நாலு பிரதி வாங்கினார். காந்தப் பத்தியைப் படித்ததும், “எம் மகன் எழுதியிருக்கான்லா” என்று சொல்லி, அறுப்பின் பண்டிகைக்கு ரெடியாக இருந்த சபை ஆம்பிளிஃபயரைத் திறந்து காந்தத்தை வைத்துப் பார்த்திருக்கிறார். நான் பொறுக்கிப் போட்ட நல்ல சில்லு அத்தனையும் ஒட்டியது. எல்லாவற்றையும் பெரிய பற்றுக்கோலால் பிடுங்கிவிட்டு ஒட்டாததாகப் பார்த்துப் போட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பண்டிகையன்று போதகர், “ஒரு நிமிஷம் மௌனமா ஜெபிப்போம்” என்றார். நானூறு பேர் மௌனமானோம். நாலு ஸ்பீக்கரும் ஸ்ஸ்ஸ் என்று ஆரம்பித்தன. எனக்குப் பக்கத்தில் பெத்தம்மாள் பெரியம்மா கண்ணை மூடியபடியே, “ஏத்தா, விருந்துக்கு இப்பவே வடை சுட ஆரம்பிச்சிட்டாகளா?” என்று கேட்டார். அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்கள். போதகர் கண்ணைத் திறந்து மாமாவைப் பார்த்தார். மாமா எழுந்து, “கடையில ஒரு பிள்ள பத்த வைக்கிது ஐயா, அது பாத்த வேல” என்றார். நானூறு பேரும் பெண்கள் பக்கம் திரும்பினார்கள். நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அத்தான் ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் கண்ணை இறுக்க மூடி ஜெபம்பண்ணிக்கொண்டிருந்தார்.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். இந்த வருடத்தின் சிறந்த கட்டுரைக்கு மதுரையில் தங்குமிடத்தோடு மூன்று மாதம் ஒலிச்சுற்றுப் பயிற்சி என்று அறிவித்திருக்கிறீர்கள். அத்தானுக்குத்தான் கிடைக்கும் என்று அத்தை சூட்கேஸே வாங்கி வைத்துவிட்டார். சோதித்துப் பார்க்காமல் தப்பை எழுதுகிறவருக்கு அந்த இடத்தைக் கொடுக்கலாமா? அத்தானுக்கு ஏற்கெனவே ஒரு படிப்பு இருக்கிறது. எனக்கு இது ஒன்றுதான் வாசல். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிடுங்கள். ஆளுக்கு இருபது சில்லு கொடுங்கள். நான் வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டேன், எனக்குச் சொல்ல வராது. நல்லதைப் பிரித்து ஒரு தீப்பெட்டியில் போட்டுத் தருகிறேன். அது போதாதா?

பதிலைக் கடை முகவரிக்கு அனுப்ப வேண்டாம். கடைத் தபாலை அத்தான்தான் பிரிக்கிறார். தங்கள் அலுவலகத்தில் எழுத்துக் கோப்பவர், படம் வரைபவர், கட்டுரைகளைச் சரிபார்ப்பவர் எல்லோருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். கர்த்தர் தங்கள் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள வாசகி,
சா. ஆன்சி

பி.கு.: இதைச் சொல்லாமல் உறையை ஒட்ட மனசு வரவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். காந்தப் பத்தியையும் நான்தான் எழுதினேன். அத்தானின் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். நகல் எடுக்க என்னிடம் கொடுத்துவிட்டு, “கீழ எம் பேர மட்டும் போடு, என்ன?” என்று சொல்லிப் பந்து விளையாடப் போய்விட்டார். அந்தக் கோபத்தில் அதைச் சேர்த்தேன். அவர் திரும்பப் படிக்காமல் அனுப்பிவிட்டார். விஷயம் தெரிந்தவர்கள் நீங்கள், கண்டுபிடித்து அவரைக் கேள்வி கேட்பீர்கள், அவர் முழிப்பார் என்று நம்பினேன். நீங்களோ நான் இரண்டு மாதம் காது கொடுத்துக் கேட்டு எழுதியதையெல்லாம் பாதியாக வெட்டிவிட்டு, அந்த ஒரு பத்தியை மட்டும் கட்டம் கட்டி, பக்கத்தில் காந்தம் படமும் வரைந்து போட்டிருந்தீர்கள்.