பன்னீர்க் கருவாடு

உயிரோடிருந்த என் மாமியாருக்கு நான் ஒருமுறை மௌத்து வீடு நடத்தியிருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. (மருமகள் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?)

கண்டக்குழியில் நாங்கள் ஐந்து பெண்கள் ஒரு கடன் குழு. ஒருவருக்கு ஒருவர் பிணை. முதல் கடன் எனக்கு, கருவாட்டுத் தொழிலுக்கு. நான் ஒரு நிரந்தர ஓடரைப் பிடித்துக் காட்டினால்தான் அடுத்த கடன் ஜெஸீமாவுக்கு. அவள் புருஷன் விட்டுப்போனவள். இடியாப்பம் விற்றே மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். மாவு அரைக்கும் மிஷின் ஒன்றுதான் அவள் கேட்டது. உலக்கை பிடித்துப் பிடித்து அவளுடைய ஒரு தோள் இறங்கிப்போயிருந்தது. அதைத் தினமும் பார்த்துக்கொண்டே நான் செய்த கூத்து இது. என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கடற்கரை லொட்ஜ் ஒன்றின் மனேஜர் என் கட்டாமீன் கருவாட்டைப் பார்க்க வர ஒப்புக்கொண்டார். "வெள்ளைக்காரர் வாற இடம், மணக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். நன்றாகக் கழுவி நல்ல வெயிலில் காயப்போட்டால் போதும் என்றார் மாமி. ஆனால் எனக்குத்தான் இரண்டு நாள் தொழிற்பயிற்சியில் சான்றிதழ் கிடைத்திருந்ததே! மாமி சொல்லைக் கேட்பேனா?

அவர் வரும் நாள் காலை, கருவாட்டுக்கு இரண்டு போத்தல் பன்னீர் தெளித்தேன். ஈ அண்டாமலிருக்க மூன்று சட்டியில் சாம்பிராணிப் புகை போட்டேன். தூசி படாமல் முற்றத்தைச் சுற்றி வெள்ளைச் சீலை கட்டினேன். வருகிறவர்கள் உட்காரப் பள்ளிவாசலிலிருந்து கதிரைகள் எடுத்து வந்து வரிசையாகப் போட்டேன். மையித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்குப் பெட்டி ஒன்றுதான் குறை. மாமி ஒரு வாரமாகக் காய்ச்சலில் படுத்திருந்தது ஊருக்கே தெரியும்.

முதலில் பக்கத்து வீட்டுச் சபியாத்தா முக்காட்டை இழுத்துக்கொண்டு அழுதபடி வந்தார்.

"இன்னாலில்லாஹி... எப்ப புள்ள? நேத்தும் என்னோட கதைச்சாவே!"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். "எத்தின மணிக்கு அடக்கம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

உள்ளே கட்டிலில் உட்கார்ந்து பாண் துண்டைத் தேயிலைத் தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்த மாமி தலையை நீட்டினார்.

"எனக்கும் சொல்லுங்க. குளிச்சி ரெடியாகணுமே."

அலறல் இரண்டு மடங்கானது. கேள்வி கேட்டவள் கதிரையோடு சரிந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் மனேஜர் வந்து இறங்கினார். வெள்ளைச் சீலையையும் புகையையும் அழுகையையும் பார்த்தவர், தொப்பியைக் கழற்றித் தலை குனிந்து நின்றார். பிறகு சத்தமில்லாமல் மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். நான் கையில் ஒரு கருவாட்டோடு, "யாரும் மௌத்தாகல்ல சேர்! கருவாடு சேர்!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார், வேகத்தைக் கூட்டினார்.

திரும்பி வந்தபோது ஜெஸீமா வெள்ளைச் சீலையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "பரவாயில்ல ராத்தா, கையாலயே இடிச்சிக்கிறேன்" என்றாள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். பன்னீர்க் கருவாடு முழுவதும் வெங்காயத் தோட்டத்துக்கு எருவாகப் போனது.

காய்ச்சல் விட்டதும் மாமி ஒரு த்ரீவீலரைக் கூப்பிட்டார். மடியில் வெறும் உப்பும் வெயிலும் பட்ட கருவாட்டுப் பை. என்னையும் ஏற்றிக்கொண்டு லொட்ஜுக்குப் போய், மனேஜருக்கு முன்னால் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அண்டைக்கி மௌத்தானது நான்தான் மகன். மருமகளுக்குக் கொஞ்சம் புத்தி மட்டு. கருவாடு நல்லம், எடுங்க."

எடுத்தார். இரண்டு மாதத்தில் ஜெஸீமாவின் வீட்டில் மிஷின் இரைந்தது.

அதிலிருந்து எங்கள் தெருவில் எந்த வீட்டில் சாம்பிராணி மணந்தாலும், "உண்மையா, கருவாடா?" என்றுதான் கேட்பார்கள். மாமிதான் முதலில் கேட்பார்.

போன வருடம் ஒரு காலையில் மாமி மௌத்தானார். பள்ளிவாசலில் அறிவிக்கும் முன்பே புகை தெருவுக்குப் போயிருக்க வேண்டும். ஜெஸீமா மாவுக் கையோடு ஓடி வந்து, வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"ராத்தா... கருவாடுதானே?"

ஓம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது.