ஓர் எதிரி தேவைப்பட்டது

கண்டி, வாவிக்கு மேலே உள்ள குன்று வீதி,
1934 ஆவணி மாதம், ஒரு மழை நாள்.

கனம் பொருந்திய பத்திராதிபர் ஐயா அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், தங்கள் அச்சுக்கூடமும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் என் மனைவி இராசமணியும் சுகம். அடியேன் நாவலப்பிட்டி, கம்பளை முதலிய இடங்களில் ஸ்டேஷன் மாஸ்டராயிருந்து பென்சன் பெற்றவன். பிறந்தது யாழ்ப்பாணம். ஆனால் இந்த மலைநாட்டுப் பனிக்குள் புகுந்தபின் வெளியே போக வழி தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், தேடவும் இல்லை.

தங்கள் சபைச் சஞ்சிகையின் சென்ற இதழில், மோட்டார் வண்டியும் கிராமபோனும் வந்துவிட்ட இந்தக் காலத்துக்கு வேதாகமப் போதனைகள் ஏற்குமா என்று கேட்டு வாசகர்களின் அபிப்பிராயத்தை வரவேற்றிருந்தீர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு விறாந்தைப் பிரம்புக் கதிரையில் சாய்ந்தபடி அதை வாசித்தேன். கீழே வாவியைப் பனி மூடிவிட்டது. எங்கே தண்ணீர் முடிகிறது, எங்கே ஆகாயம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. அந்த மயக்கத்தில் தங்கள் கேள்வி என் தலைக்குள் மெல்லச் சுற்றத் தொடங்கிவிட்டது. படித்தவர்கள் தங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நான் றெயில்வேக்காரன். கைகாட்டிச் சிக்னல் விழுகிறதா என்று அறிய வேண்டுமானால் நாங்கள் அதைப்பற்றிப் பிரசங்கம் செய்வதில்லை, இழுத்துப் பார்ப்போம். அப்படியே ஒவ்வொரு போதனையாக இழுத்துப் பார்ப்பதென்று தீர்மானித்தேன். அன்றைக்கே என்னைச் சனியன் பிடித்தது.

முதலில் எடுத்துக்கொண்டது, நாளையைப்பற்றிக் கவலைப்படாமல் காட்டுப்பூக்களைக் கவனிக்கச் சொல்லும் போதனை. கதிரையை முற்றத்தில் போட்டுக்கொண்டு பூக்களைக் கவனித்தேன். ஐயா, என்ன சுகம்! மழைத்துளி ஒன்று இதழின் நுனிக்கு வந்து விழலாமா வேண்டாமா என்று யோசிப்பதைப் பார்த்துக்கொண்டே ஒரு காலைப்பொழுதைக் கழித்தேன். மறுநாளும் கழித்தேன். இந்தப் போதனைக்கு மோட்டார் வண்டியால் ஒரு இடைஞ்சலும் இல்லை என்று இராசமணியிடம் அறிவித்தேன். "அதென்ன புதுசே? பென்சன் எடுத்த நாள் தொட்டு நீங்கள் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறியள். விறகு முடிஞ்சுபோச்சு, எழும்புங்கோ" என்றாள். ஏற்கனவே பழகிப்போனதைச் சோதனையில் சேர்க்க முடியாது என்று அதை விட்டுவிட்டேன்.

அடுத்தது, ஒருவன் ஒரு மைல் தூரம் வரச் சொன்னால் அவனோடு இரண்டு மைல் போகும்படியான போதனை. யாராவது கூப்பிடவேண்டுமே என்று சந்தியில் போய் நின்றேன். கொழும்பிலிருந்து வந்த இளம் கிளார்க்கர் ஒருவர், பேராதனைப் பூந்தோட்டத்துக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கேட்டார். வாரும், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று புறப்பட்டேன். முதல் மைலில் அவர் நன்றியோடு வந்தார். தூறலில் நனைந்த மரங்களையும், நான் கொடி காட்டிய பழைய இன்ஜின்களையும் பற்றிப் பேசிக்கொண்டே போனேன். இனி நான் போய்க்கொள்வேன், தாங்கள் திரும்பலாம் என்றார். இல்லை, இரண்டாவது மைல் இருக்கிறது என்றேன். அவர் நடையை எட்டிப் போட்டார், நானும் எட்டிப் போட்டேன். அவர் குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கினார், நானும் கூடவே ஓடினேன். கடைசியில் போய்க்கொண்டிருந்த பஸ் ஒன்றில் தாவி ஏறி, கொண்டக்டரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். பஸ் ஓடும் காலத்தில் இரண்டாவது மைல் செல்லாது என்று குறித்துக்கொண்டு ஈரக்காலோடு வீடு வந்தேன்.

மூன்றாவதுதான், ஐயா, என்னைக் கவிழ்த்தது. எதிரிகளை நேசிக்க வேண்டும் என்பது போதனை. அதற்கு முதலில் ஓர் எதிரி வேண்டும் அல்லவா? யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஒருவரும் அகப்படவில்லை. என்னை வாட்டி எடுத்த இன்ஸ்பெக்டர் துரை சீமைக்குப் போய்ச் செத்துப்போனார். எங்கள் பாடகர் குழுவில் என் குரலைக் குறைகூறும் வரதராசாவை நினைத்தேன்; அவர் சொல்வது நியாயமாய் இருப்பதால் கோபம் வரமாட்டேன் என்கிறது. இராசமணியிடம் கேட்டபோது, "என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கோவன்" என்றாள். அவளை நேசிப்பது ஏற்கனவே வேறு பிரமாணத்தின் கீழ் வருகிறது என்று சொல்லித் தப்பினேன்.

இந்த விசாரத்தோடு பின்னேரம் மதிலடிக்குப் போனேன். எங்கள் வளவுக்கும் அடுத்த வளவுக்கும் இடையே இடுப்பளவில் ஒரு பதிந்த மதில். அதன் அந்தப் பக்கம் ஸெய்னுலாப்தீன் முதலாளி. கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருப்பவர். நான் பென்சன் எடுத்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டு அவர் ஒரு கேத்தில் இஞ்சித் தேத்தண்ணியோடு மதிலுக்கு வருவார், நான் கோப்பைகளோடு போவேன். அதிகம் பேசமாட்டோம். பனி இறங்கும். புத்தரின் தந்தம் வைத்த மாளிகைப் பக்கத்திலிருந்து மேளம் கேட்கும், எங்கள் வேதக்கோயில் மணி கேட்கும், பிறகு பள்ளிவாசல் பாங்கு கேட்டு அவர் எழுந்து போவார். அந்த நேரத்தில் நான் உயிரோடு இருக்கிறேனா, கனவில் இருக்கிறேனா என்று எனக்கே தெரியாது. இரண்டும் எனக்குச் சம்மதமாகவே இருக்கும்.

"என்ன மாஸ்டர், மொகம் ஒரு மாதிரி ஈக்கி?" என்று கேட்டார்.

"ஒரு எதிரி வேணும் முதலாளி. எங்கை தேடியும் கிடைக்கேல்லை" என்றேன். தங்கள் கேள்வியையும் விளக்கினேன்.

அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "எத்தின நாளைக்கி?" என்றார். ஒரு மாதம் போதும் என்றேன். "அதுக்கேன் ஊரெல்லாம் தேடுறீங்க? நான் ஈக்கிறேனே. வேற ஆள்கிட்ட குடுத்தா ஒழுங்காச் செய்ய மாட்டான்" என்றார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. இப்படி ஒரு சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான்!

ஆனால் முதல் வாரம் அவர் படுமோசமான எதிரியாக இருந்தார். ஆட்டை அவிழ்த்து என் றோசாச்செடிகளுக்குள் விட்டார். விடுமுன் அதற்கு வயிறு முட்டத் தீனி போட்டிருந்தபடியால் அது செடிகளின் நடுவே படுத்துத் தூங்கியது. அன்று மாலையே அவர் மனைவி ஆஸியா உம்மா, ஆடு புகுந்ததற்கு வருத்தம் தெரிவித்து இனிப்பு வட்டிலப்பம் கொடுத்தனுப்பினார். எதிரி வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தால் நான் எப்படிச் சோதனை நடத்துவது? மதிலடியில் போய்க் கண்டிப்பாகச் சொன்னேன். "சரி மாஸ்டர், இனிப் பாருங்க" என்றார்.

அதன்பிறகு தேத்தண்ணியை நிறுத்தினார். வாவிக்கரையில் எதிரே வந்தால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மறுபக்கம் பார்த்தார். இதெல்லாம் எனக்குத் திருப்தியாகவே இருந்தது. ஒரு சனிக்கிழமை இராசமணிக்குச் சீத்தைத் துணி எடுக்க அவர் கடைக்கு இருவருமாகப் போனோம். கலியாண காலம், கடை நிறைய சனம். என்னைக் கண்டதும் முதலாளி குரலை உயர்த்தி, "வாங்க, வாங்க! இவர் மாஸ்டரா ஈந்த காலத்துல எந்த நாளு றெயில் நேரத்துக்கு வந்தீக்கி?" என்றார். சனமெல்லாம் சிரித்தது. எங்கள் திட்டத்தின்படிதான் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனாலும், ஐயா, என் குரலைச் சொல்லலாம், என் நித்திரையைச் சொல்லலாம், என் றெயிலைச் சொல்லலாமா? எனக்குள் ஏதோ கொதித்துப் பொங்கிவிட்டது. "உங்கடை சீத்தையை ஒருக்காத் தோய்ச்சால் தகப்பன்ரை சட்டை மகனுக்கு அளவாயிருக்கும்!" என்று கடை முழுவதும் கேட்கக் கத்தினேன்.

கையில் துணி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக அதைக் கீழே வைத்தார்கள். கலியாணக்காரர் ஒரு குடும்பமாக எழுந்து எதிர்க்கடைக்குப் போனார்கள். முதலாளி விரித்துப்போட்ட துணியை எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மெதுவாக மடித்தார். அவர் முகத்தைப் பார்த்த கணத்திலேயே இது விளையாட்டில்லை என்று தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து அவர் மதில் பக்கமே வரவில்லை. நான் மாத்திரம் பின்னேரங்களில் வெறும் கோப்பையோடு விறாந்தையில் உட்கார்ந்திருக்கிறேன். மேளம் கேட்கிறது, மணி கேட்கிறது, பாங்கு கேட்கிறது. பனி வந்து அந்த மதிலின் மேல் அவருடைய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. சில நேரம் கண் சொருகும்போது அவர் கேத்திலோடு வருவதுபோல் தெரியும். எழும்பிப் பார்த்தால் வாழையிலை அசைந்திருக்கும். அழகான பின்னேரங்கள்தான், ஐயா, ஆனால் தாங்க முடியவில்லை. உண்மையான எதிரி கிடைத்துவிட்டார், இனி நேசிக்கவேண்டியதுதானே? "போய் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாங்கோவன்" என்று இராசமணி நாளும் பொழுதும் சொல்கிறாள். கால் எழும்பவில்லை. அவர் என் றெயிலைச் சொன்னாரே என்று ஒரு பக்கம், நான் அவர் பிழைப்பைச் சொன்னேனே என்று மறுபக்கம். சிநேகிதனாயிருந்த வருஷமெல்லாம் ஒரு கட்டளையும் இல்லாமல் நேசித்தேன். கட்டளை வந்தபிறகு ஒரு சலாம் சொல்ல வாய் வரவில்லை.

ஆகையால் அடியேனுடைய தீர்ப்பு வருமாறு: காட்டுப்பூப் போதனை பென்சன்காரருக்கு மட்டும் ஏற்கும். இரண்டாவது மைல் பஸ் வந்ததோடு காலாவதியாகிவிட்டது. எதிரியை நேசிப்பது இந்தக் காலத்துக்கு மட்டுமல்ல, எந்தக் காலத்து மனுஷனாலும் கூடாத காரியம். இதை என் பெயரோடும் பழைய உத்தியோகத்தோடும் தவறாமல் பிரசுரிக்கவும். தங்களுக்கும் தங்களைச் சேர்ந்த யாவருக்கும் பரலோகத்தின் சமாதானம், இந்த மலையில் பனி இறங்குவதுபோல் ஓசையில்லாமல் வந்து தங்குவதாக.

இப்படிக்கு,
தங்கள் தாழ்மையுள்ள வாசகன்,
சா. இராஜரத்தினம்,
ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாசற் படலை திறந்தது. ஒரு கையில் குடையும், மறுகையில் துவாயால் சுற்றிய கேத்திலுமாக ஸெய்னுலாப்தீன் முதலாளி நிற்கிறார். "மாஸ்டர், எதிரி வேல எனக்குச் சரிவரல்ல. வேற ஆளப் பாத்துக்கொள்ளுங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மழைச்சாரல் என்று சொல்லிச் சமாளித்தேன். விறாந்தைக்குள்ளே ஏது சாரல். பிறகு என் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு இந்தக் கடிதம் முழுவதையும் வாசித்தார்.

"எல்லாம் சரி. ஒண்டு மட்டும் பொய்" என்றார். "நாங்க கோவமா ஈந்த நேரம் எனக்கு இருமல் வந்த கெழமை, எங்கட பின்கதவுல ஆடாதோடைக் கசாயம் வெச்சிட்டுப் போன யாரு?"

இராசமணியாயிருக்கும் என்றேன். குசினிக்குள்ளிருந்து சத்தம் வந்தது: "நானோ? இந்த முழங்காலோடை நானோ மதிலேறிக் குதிச்சனான்?"

அவருடைய இருமலில் என் மத்தியான நித்திரை குழம்பியதால்தான் அப்படிச் செய்தேன், வேறொன்றுமில்லை. முதலாளி நம்பாமல் தேத்தண்ணி ஊற்றுகிறார். ஆகையால், ஐயா, மேலே உள்ள தீர்ப்பை முழுவதும் அடித்துவிடவும். என் பெயரையும் உத்தியோகத்தையும் அடித்துவிடவும். அவருடைய சீத்தை முதல்தரம் தோய்க்கும்போது மட்டும் கொஞ்சம் சுருங்கும், அதற்குப் பிறகு ஆயுசுக்கும் சுருங்காது என்பதை மாத்திரம், தயவுசெய்து, பெரிய எழுத்தில் போடவும்.